இருளும் ஒரு கருவியே

விண்வெளி என்ற சொல்லைக் கேட்டதும் நம் நெஞ்சு ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் பெங்களூருவுக்கும் ஓடிவிடுகிறது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாடே பூரித்தது. பூரிக்க வேண்டியதுதான். ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வாழும் நம்மில் எத்தனை பேர், நமக்கு வெகு அருகிலேயே இந்திய வானியலின் தலையாய நிலையங்களுள் ஒன்று இருப்பதை அறிவோம்?

ஜவ்வாது மலையில் உள்ள காவலூர், கிருஷ்ணகிரியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 65 கி.மீ., ஓசூரிலிருந்து ஏறத்தாழ 110 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அது அங்கே அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகத்தை நிறுவியது. நாடு முழுமைக்கும் பொதுநேரம் வகுக்கப்பட்ட 1906-க்கு முன்னர், இந்திய ரயில்கள் பின்பற்றியது அங்கே கணிக்கப்பட்ட சென்னை நேரத்தைத்தான். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் அங்கே பணியாற்றியவர். 1899-இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. அந்த மலை சூரியனை ஆராய உகந்தது. விண்மீன்களை ஆராயவோ வேறோர் இடம் வேண்டியிருந்தது. அதைத் தேடி அலைந்தவர், 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரான வைணு பாப்பு. அவர் காவலூரைத் தேர்ந்தார். அந்த இடத்தின் பெருஞ்செல்வம் இருள்.

அவ்விருள் தந்த பயன்கள் கொஞ்சமல்ல. ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1972-இல் அங்கே நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. கோள் மறைப்பதற்கு முன்னரே அவ்விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதைக் காவலூர் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகுக்கு உணர்த்திய அவதானிப்புகளுள் அதுவும் ஒன்று. இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதைக் காண அவர்தான் இல்லை, 1982-இலேயே மறைந்துவிட்டார். 1988-இல் காவலூரில் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று இன்று கணித மேதை இராமானுஜன் பெயரால் வானில் உலவுகிறது.

வரலாற்றின் விந்தை ஒன்றை இங்கே சுட்ட வேண்டும். காவலூர் வளர்ந்த அதே 1970களில்தான் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையும் எழுந்தது. வானம் பார்த்த பூமியாக இருந்த இந்த எல்லைப் பகுதியில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பெரிய வைத்தவை அந்த ஆலைகள். அவற்றை நாம் பழிக்கவில்லை. நம் மாணவர்களின் தந்தையரும், நாளை நம் மாணவர்களும் அங்கேதான் இரவுப்பணி பார்க்கிறார்கள், பார்ப்பார்கள். எனினும் ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி என நெடுஞ்சாலை வழியே தொடரும் விளக்குச் சரம் இன்று ஜவ்வாது மலையின் அடிவாரம்வரை சென்றுவிட்டது. பெருநகரின் வான்வெளிச்சம் நூறு கி.மீ.க்கு அப்பாலும் அடிவானில் தெரியும் என்றால், அருகிலுள்ள ஊர்களின் வெளிச்சம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"காவலூர் போனால் என்ன? லடாக்கில் ஹான்லே இருக்கிறதே" என்று சிலர் கேட்கக்கூடும். 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லே ஈடு இணையற்றதுதான். ஆனால் அது வடக்கே, ஏறத்தாழ 33 பாகையில் இருக்கிறது. காவலூரோ பன்னிரண்டரைப் பாகையில். ஆகவே தென்வானின் ஒரு பகுதி காவலூருக்குத் தெரியும், ஹான்லேக்குத் தெரியாது. 1987-இல் பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனைக் காவலூரிலிருந்து ஆராய முடிந்தது. ஹான்லேயின் அடிவானத்திற்கு மேலே அது எழவே எழாது. இத்தகைய தென்வான் பொருள்கள் காவலூரிலும் அடிவானை ஒட்டியே தோன்றுகின்றன. ஊர் வெளிச்சம் முதலில் விழுங்குவதும் அந்த அடிவானத்தைத்தான்.

இழப்பு அறிவியலுக்கு மட்டும் என்று எண்ணிவிடலாகாது. பங்குனி மாதத்து நள்ளிரவில் எரிமீன் ஒன்று விழக் கண்டு, தன் அரசனுக்கு என்ன நேருமோ என்று கலங்கிய கூடலூர் கிழாரின் பாட்டு புறநானூற்றில் 229-ஆம் பாட்டாக இருக்கிறது. எந்த மீன் உச்சியில் நின்றது, எது எழுந்தது, எது தாழ்ந்தது என்று நாள்மீன்களைக் கொண்டே அப்புலவர் பொழுதைக் குறிக்கிறார். சோதிடம் என்று ஒதுக்கினாலும், வானைக் கூர்ந்து நோக்கிய ஒரு கண் அங்கே இருக்கிறது. அப்பாட்டை உரையின் துணையோடு நாம் வகுப்பில் விளக்கிவிடலாம். நாலைந்து மீன்களுக்கு மேல் தெரியாத வானத்தின் கீழ் வளரும் பிள்ளைக்கு அது வெறும் மனப்பாடமாகத்தானே எஞ்சும்?

யாரையும் இருட்டில் உட்காரச் சொல்லவில்லை. தொழிலாளியின் பாதுகாப்புக்கும், இரவில் வீடு திரும்பும் பெண்களுக்கும் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். ஆனால் வானை நோக்கிப் பாயும் ஒளி யாருடைய பாதைக்கும் உதவுவதில்லை; மின்கட்டணத்தை ஏற்றுவதே அதன் பணி. விளக்குக்கு மேல்மூடி இட்டு ஒளியைத் தரையை நோக்கித் திருப்பலாம். நீலம் மிகுந்த வெண்ணொளி காற்றில் அதிகமாகச் சிதறும் என்பதால் மஞ்சள் சார்ந்த விளக்குகளைப் பயன்படுத்தலாம். நள்ளிரவுக்குப் பின் விளம்பரப் பலகைகளை அணைக்கலாம். இவற்றுள் எதுவும் ஆலையின் ஓர் எந்திரத்தைக்கூட நிறுத்தாது.

ஹான்லேயைச் சுற்றிய பகுதி 2022-இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர்மக்களுள் சிலருக்குத் தொலைநோக்கிகள் தந்து, வருவோர்க்கு வானைக் காட்டப் பயிற்சியும் அளித்தார்கள். அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது? காட்டுக்கும் ஏரிக்கும் எல்லைக்கல் நட்டுக் காக்கிறோம். காவலூரின் இருளுக்கும் அப்படியொரு வேலி வேண்டும். அதை ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களிலிருந்து தொடங்கி, கிருஷ்ணகிரி, ஓசூர் தொழிற்பேட்டைகள்வரை விரிக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் ஆலை நிர்வாகங்களும் ஊராட்சி மன்றங்களும் இதைப் பேசத் தொடங்க வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் முதலில் பேச வேண்டும்.