உச்சிக்கு ஒரு மணி நேரம் இருந்தது... திரும்பிவிட்டோம்!

“என்னது, உச்சி வரைக்கும் போகலையா?” கேதார்காந்தா ட்ரெக்கிங் முடிந்து வந்ததிலிருந்து ஆபீஸில் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான்.

உத்தரகாண்டில் இருக்கும் சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏற வேண்டும். உச்சி சுமார் 3,800 மீட்டர். ‘குளிர்காலத்தில் முதல்முறை ட்ரெக்கிங் போகிறவர்களுக்கு ஏற்ற மலை’ என்பார்கள். அதை நம்பித்தான் நாங்களும் ஜனவரியில் கிளம்பினோம்.

அதிகாலை 3 மணிக்கு டென்ட்டை விட்டு வெளியே வரும்போதே பனி கொட்டிக்கொண்டிருந்தது. 5 மணிக்குள் முன்னால் போனவர்களின் காலடித் தடம்கூட மூடிவிட்டது. அதுவரை வெடவெடவென நடுங்கிக்கொண்டு வந்த என் தோழிக்கு நடுக்கம் குறைந்தது. ‘சரி, குளிர் பழகிடுச்சு’ என்று நினைத்தேன். கைடு அண்ணன் அப்படி நினைக்கவில்லை. அவளுடைய கையுறையைக் கழற்றச் சொல்லி, “கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடு” என்றார். அவளால் முடியவில்லை. பேச்சும் குழறியது.

“இன்னும் ஒரு மணி நேரம்தானே அண்ணா?” என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“ஏற ஒரு மணி நேரம். இறங்க?” என்றார். தன்னிடமிருந்த காய்ந்த ஜாக்கெட்டை அவளுக்குப் போட்டுவிட்டு, அத்தனை பேரையும் திருப்பினார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவளை மெல்ல இறக்கினோம்.

உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதுதான் ஹைப்போதெர்மியா. நடுக்கம் என்பது உடல் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் வழி. சூடு ஏறாமலே நடுக்கம் மட்டும் நின்றால், உடல் தோற்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது புத்தியும் மங்கும். அதனால் ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்று அவர்கள் சொல்வதை நம்பக் கூடாது.

திரும்பியதைத் தோல்வி என்பவர்களுக்கு யோரான் க்ராப் கதையைச் சொல்வேன். ஸ்வீடனிலிருந்து சைக்கிளிலேயே நேபாளம் வந்தவர். 1996 மே 3 அன்று, எவரெஸ்ட் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே, ‘இருட்டுவதற்குள் இறங்க முடியாது’ என்று திரும்பினார். ஒரே வாரத்தில் அதே மலையில் வீசிய புயலில் 8 பேர் இறந்தார்கள். க்ராப் மே 23 அன்று மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார்.

பனிமலைக்குப் போகிறீர்களா? எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டே நடங்கள். ஈர உடையை உடனே மாற்றுங்கள். ‘குளிருக்கு இதம்’ என்று மது கொடுத்தால் வாங்காதீர்கள். அது உடல் சூட்டை இன்னும் வேகமாக வெளியேற்றிவிடும்.

உச்சியில் எடுத்த செல்ஃபி என்னிடம் இல்லை. சாங்க்ரி டீக்கடையில் என் தோழி இரண்டு கைகளாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் போட்டோ இருக்கிறது. இப்போது என் போன் வால்பேப்பர் அதுதான்.