ஓடைக்கரை மரங்களை விட்டுவையுங்கள்

தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டு விளையாடாதவர் நம்மில் மிகச் சிலரே. ஆனால் எல்லாத் தட்டான்களும் வேலியோரம் வந்து நம் கைக்கு அகப்படுவதில்லை. நீலகிரியில் ‘குளோரோகாம்பஸ் கேம்பியோனி’ என்றொரு பெரிய தட்டான் உண்டு. கருத்த உடல், மஞ்சள் பட்டைகள், பச்சைக் கண்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இதைக் காண இயலாது. 1924ஆம் ஆண்டில் இதை விவரித்து எழுதியவர் எஃப். சி. ஃபிரேசர் என்னும் மருத்துவர். இந்தியத் தட்டான்களைப் பற்றி 1933 முதல் 1936 வரை அவர் வெளியிட்ட மூன்று தொகுதிகளை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் கூட்டங் கூட்டமாக வரும் பாண்டாலா என்னும் தட்டான் இந்தியப் பெருங்கடலையே கடந்து ஆப்பிரிக்கா போய்ச் சேருகிறது. நம் மலைத் தட்டானும் வலுவாகப் பறக்கக் கூடியதே. பின் ஏன் இம்மலைகளோடு நின்றுவிட்டது? விடை இறக்கையில் இல்லை, லார்வாவில் இருக்கிறது. பாண்டாலாவின் லார்வா மழைநீர்க் குட்டையிலேயே சில வாரங்களில் வளர்ந்துவிடும். இதன் லார்வாவுக்கோ ஓடும் குளிர்ந்த நீர் வேண்டும். புதைந்து கிடக்க மணல் வேண்டும். மலையோடைகளில் வாழும் பெரிய தட்டான்கள் பலவற்றில் இப்பருவம் ஓராண்டுக்கு மேலும் நீளும். குடலின் கடைசிப் பகுதியில் உள்ள செவுள்களால் அது மூச்சு விடுகிறது என்பது வேடிக்கையான செய்தி அல்லவா?

இனி, கரையிலுள்ள சோலை மரங்களை வெட்டித் தண்ணீர் வரை தேயிலை நட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வெயில் பட்டு நீர் சூடேறும். கடல் மட்டத்தில் 10 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 25 டிகிரியில் அது 8 மில்லிகிராமாகக் குறையும். மழையில் அரித்து வரும் சேறு மணலை மூடும். பூச்சிமருந்தும் உடன் வரும்.

தேயிலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல்லாயிரம் குடும்பங்கள் அதை நம்பி வாழ்கின்றன. ஓடையின் இருகரையிலும் சில வரிசை இடத்தைச் சோலை மரங்களுக்கு விட்டுவிட வேண்டும் என்றே கேட்கிறேன். அதனால் கொழுந்து சற்றுக் குறையலாம், குறையட்டும். குன்னூர் ஓடைகளின் நீர் பவானியில்தான் சேருகிறது. அதைக் குடிப்போர் சமவெளியில் இருக்கிறார்கள்.

2019இல் தமிழக அரசு ‘தமிழ் மறவன்’ வண்ணத்துப்பூச்சியை மாநிலச் சின்னமாக்கியது. நல்லதுதான். ஆனால் இத்தட்டானுக்குப் பட்டத்தைவிட நிழல்தான் அவசரம். மலையில் வாழும் மாணவர்களே, உங்கள் ஊர் ஓடையில் கரைமரம் எதுவரை நிற்கிறது, மருந்துத் தெளிப்பான்களை எங்கே கழுவுகிறார்கள் என்று ஆசிரியருடன் சென்று குறித்து வாருங்கள். குறித்ததைத் தோட்ட மேலாளரிடமும் காட்டுங்கள்.