கூலியைக் கொடு, கழிவை எடு!

சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே 'வெட்டி' என்றொரு சொல் அடிக்கடி வரும். கூலியின்றிச் செய்து கொடுத்தாக வேண்டிய வேலைக்கு அந்நாளிலே அதுதான் பெயர். வரிகளின் வரிசையிலேயே அதையும் சேர்த்துப் பொறித்து வைத்தார்கள். நெல்லாக அளப்பது ஒரு வரி. காசாகக் கட்டுவது ஒரு வரி. உடம்பால் கட்டுவது வெட்டி!

அரசர்கள் போனார்கள், அரண்மனைகள் மண்ணாயின. சொல் மட்டும் நம் வாயிலே தங்கிவிட்டது. பயனற்ற வேலையைப் பார்த்தால் 'வெட்டி வேலை' என்கிறோம்.

சொல் மட்டுமா தங்கிற்று? இல்லை, தோழர்களே, வேலையும் தங்கிற்று! கோவணம் கட்டிய வெட்டி போய், கழுத்திலே அடையாள அட்டை மாட்டிய வெட்டி வந்திருக்கிறது. அதற்கு இன்றைய பெயர் 'இன்டர்ன்ஷிப்'. பயிற்சியாம்! அனுபவமாம்! எதிர்காலத்துக்கு ஏணியாம்! ஏணிதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் முதற்படி ஏழையின் கைக்கு எட்டாத உயரத்திலே இருக்கிறதே, அதைப் பற்றித்தான் நாம் பேச வந்தோம்.

ஒரு தோழரின் வீட்டை எண்ணிப் பார்ப்போம். ராஜபாளையம் பக்கத்திலே ஒரு மில்லில் ஷிப்ட் பார்ப்பவர். மாதச் சம்பளம் ரூ. 18,000 என்று வைத்துக்கொள்வோம். மகன் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புப் படிக்கிறான். அந்தக் குடும்பத்திலே கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனவர்கள் உண்டு. வழக்காட எவரும் போனதில்லை. இவன்தான் முதல்வன்.

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் சொல்லுகின்றன: ஐந்தாண்டுப் படிப்பு என்றால் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பு என்றால் 12 வாரம் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும். ஓர் ஆண்டிலே தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. ஆக, ஆண்டுக்கொரு முறை வெளியூர்ப் பயணம். போகாவிட்டால் படிப்பு நிறைவு பெறாது. போனால் கூலி உண்டா? விதி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை!

பையன் சென்னைக்கு வருகிறான். தம்புச் செட்டித் தெருவிலே ஓர் அலுவலகம். காலையிலே கேஸ் கட்டுகளைத் தூக்குகிறான். பகலிலே கோர்ட்டில் நின்று வாய்தா தேதியைக் குறிக்கிறான். மாலையிலே ஜெராக்ஸ் கடையில் நிற்கிறான். இரவிலே பழைய தீர்ப்புகளைத் தேடித் தட்டச்சுச் செய்கிறான். படுக்கைக்கு வாடகை, இரண்டு வேளைச் சோறு, பஸ், ரயில் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு ரூ. 10,000 என்று வையுங்கள். ஐந்து ஆண்டிலே ரூ. 50,000. மில் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம்! யார் கொடுத்தது? அம்மாவின் கழுத்துச் சங்கிலி கொடுத்தது.

"செலவாகிறது, உண்மைதான். அந்தச் செலவை வருமான வரியிலே கழித்துக்கொள்ள வழிசெய்தால் போகிறது" என்பாருண்டு. கேட்க இனிக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கசக்கிறது!

கழிவு என்றால் என்ன? வருமானத்திலிருந்து கழிப்பது. வருமானமே இல்லாதவன் எதிலிருந்து கழிப்பான்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! சம்பளம் வாங்குகிறவருக்குப் புதிய வரிமுறையிலே ரூ. 75,000 நிலைக்கழிவு உண்டு. ஒரு பஸ் டிக்கெட்டைக்கூட நீட்டிக் காட்ட வேண்டியதில்லை. கூலியில்லாமல் உழைப்பவனோ பெட்டி நிறையப் பில் வைத்திருந்தாலும் கழிவு பூஜ்யம்தான். சம்பளம் என்ற தலைப்பே அவனுக்கு இல்லையே!

"மகனுக்கு வேண்டாம், தகப்பனுக்குக் கழிவு கொடுப்போம்" என்பார்கள் அடுத்தபடியாக. பழைய வரிமுறையிலே பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் கழிவு உண்டு. விடுதி வாடகைக்கும் சோற்றுக்கும் ரயிலுக்கும் அங்கேயும் இடமில்லை. சரி, புதிதாக இடம் கொடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். யாருக்கு என்ன கிடைக்கும்?

30 சதவீத வரி கட்டும் சீமான் வீட்டுப் பிள்ளையும் அதே பயிற்சிக்கு வருகிறான். அந்தச் சீமான் ரூ. 50,000 கழித்தால் ரூ. 15,000 வரி மிச்சம். நம் மில் தோழரின் ஆண்டு வருமானம் ரூ. 2,16,000. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையிலே 12 லட்சம் வரை வருமான வரி கிடையாது. கட்டாத வரியிலே எதை மிச்சம் பிடிப்பார்? ஒரே பயிற்சி, ஒரே செலவு. மாடி வீட்டுக்குப் பதினைந்தாயிரம், குடிசைக்குப் பூஜ்யம்! பள்ளத்து வயல் காயும்போது மேட்டு நிலத்துக்கு ஏற்றம் போட்டு இறைக்கும் ஏற்பாடல்லவா இது?

வருமான வரி இல்லை என்பதால் அந்தப் பையன் வரியே கட்டவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஓட்டலிலே சாப்பிட்டால் பில்லிலே 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 2024இல் விடுதி வாடகைக்கு விலக்குத் தந்தார்கள்: மாதம் ரூ. 20,000 வரை வரியில்லை. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: தொடர்ந்து 90 நாள் தங்க வேண்டும். சட்ட மாணவனுக்கோ நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ந்து பயிற்சி கூடாது! ஒரு விதி 28 நாளிலே கிளம்பு என்கிறது. இன்னொரு விதி 90 நாள் இருந்தால்தான் சலுகை என்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏழை வீட்டுப் பிள்ளை!

இனி எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அந்த அலுவலகத்து ஆடிட்டர் கணக்கு எழுதுகிறார். கட்சிக்காரருக்கு வாங்கிய காப்பி, தொழில் செலவு. காருக்குப் போட்ட பெட்ரோல், தொழில் செலவு. ஏ.சி. இயந்திரத்தின் தேய்மானம், அதுவும் கழிவு. தவறு என்று சொல்லவில்லை. தொழிலுக்காகச் செய்த செலவைக் கழிப்பது சட்டம் தந்த உரிமை. அந்த உரிமைப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருக்கிறது. எல்லோரும் மறைத்துப் பேசும் அதை நாம் உரக்கச் சொல்லுகிறோம்: வேலை செய்தவனுக்குக் கொடுத்த கூலியும் தொழில் செலவுதான்!

பையனுக்கு மாதம் ரூ. 10,000 கொடுத்தால், 30 சதவீத வரி கட்டும் முதலாளிக்கு ரூ. 3,000 வரி குறையும். அவர் கையிலிருந்து உண்மையில் போவது ரூ. 7,000. மீதியை அரசாங்கத்துக் கஜானா தாங்கிக்கொள்ளும். வரிக்கழிவு தேடி எங்கும் அலைய வேண்டாம், தோழர்களே. ஏட்டிலே அது ஏற்கெனவே இருக்கிறது. கூலி என்ற சாவியைப் போட்டால் திறக்கும். சாவியைப் பையிலே வைத்துக்கொண்டு கதவு பூட்டியிருக்கிறதே என்று அங்கலாய்க்கிறார்கள்!

"அமெரிக்காவைப் பார்" என்பர் சிலர். பார்த்தோம். கூலியில்லாப் பயிற்சியாளன் ஒரு கம்பெனிக்கு உழைத்தால் அங்கேயும் அவன் செலவுக்குக் கழிவில்லை. அறநிலையத்துக்குத் தொண்டு செய்தால் கார் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் 14 சென்ட் கழிக்கலாம். அதுவும் வரி கட்டுமளவு வருமானம் இருந்தால். தொழில் நடத்துபவருக்கோ 2025ஆம் ஆண்டு மைலுக்கு 70 சென்ட்! சாதாரண ஊழியன் கைக்காசு போட்டுச் செய்த செலவுக்கு முன்பு இருந்த கழிவையும் 2018 முதல் நிறுத்தினார்கள். 2025இலே நிரந்தரமாகவே நீக்கிவிட்டார்கள். ஆனால் அதே நாட்டிலே வெள்ளை மாளிகை என்ன செய்தது? 2022இலிருந்து தன் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிற்று. அங்கேயும் கழிவு உதவவில்லை, கூலிதான் உதவிற்று.

"கற்றுக்கொள்ள வந்தவனுக்குக் கூலி எதற்கு?" என்று கேட்பவருக்கு நம் நாட்டுச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் லேத் பட்டறையிலே பழகும் அப்ரண்டிசுக்கு உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். அவனும் கற்றுக்கொள்ளத்தான் வருகிறான்! 2024 ஜூனிலே சென்னை உயர்நீதிமன்றம், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை போன்ற பெருநகரங்களில் மாதம் ரூ. 20,000, பிற ஊர்களில் ரூ. 15,000 கொடுக்கப்பட வேண்டும் என்று வழிகாட்டிற்று. பாராட்டுகிறோம். ஆனால் அது பட்டம் பெற்றுக் கறுப்பு அங்கி அணிந்த பிறகு. அங்கி அணியும் வரை தாக்குப் பிடிப்பது எப்படி? 2024இலே மத்திய அரசு அறிவித்த பயிற்சித் திட்டத்திலே மாதம் ரூ. 5,000 தருவதாகச் சொன்னார்கள். முழுநேரப் படிப்பிலே இருப்பவனுக்கு அதிலே இடமில்லை என்றும் சொன்னார்கள்.

"கட்டாயப்படுத்தினால் சிறிய வக்கீல்கள் கதவைச் சாத்திவிடுவார்கள்" என்பது இன்னொரு வாதம். இதை நாம் அலட்சியப்படுத்தவில்லை. தாலுகா கோர்ட்டு வாசலிலே ஒற்றை மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரை நாம் அறிவோம். மாதம் பத்தாயிரம் அவரால் முடியாது. முடியாதவருக்காகப் பொதுநிதி ஒன்று வைக்கட்டும். சீமான் வீட்டுக் கழிவுக்காக இழக்கத் துணிந்த வரிப்பணத்தை அந்த நிதியிலே போடட்டும். ஆனால் மாடிமேல் மாடி கட்டிய அலுவலகமும் பெரிய கம்பெனியும் அந்த ஒற்றை மேஜையின் பின்னே ஒளிந்துகொள்ளக் கூடாது!

ஆகவே நாம் கேட்பது மூன்று. பயிற்சியைக் கட்டாயமாக்கிய விதியே உதவித்தொகையையும் கட்டாயமாக்க வேண்டும். கொடுக்க இயலாத சிறியவர்களிடம் பழகும் மாணவனுக்குப் பொதுநிதியிலிருந்து சோறும் பயணமும் தர வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவனுக்கு விடுதி வாடகையிலே 90 நாள் நிபந்தனையைத் தளர்த்த வேண்டும்.

இவை டெல்லியிலே முடிவாக வேண்டியவை. எனவே ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிறவரிடம் கேளுங்கள். மில் வாசலிலே, டீக்கடையிலே, மன்றத்திலே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்: மேலே பதினைந்தாயிரம், கீழே பூஜ்யம். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. வயிறு இருந்தால் போதும்.

உடம்பால் கட்டும் வரியைக் கல்லிலே வெட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்த வரியை ஏட்டிலிருந்து நீக்க வேண்டிய காலம் இது. தொழிலாளியின் மகன் சலுகை கேட்கவில்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்கிறான். கூலியைக் கொடுங்கள், கழிவைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்!