நாமும்தானே மீறினோம் என்கிறவர்களுக்கு

கொரோனா காலத்துப் பேச்சை எடுத்தால் தளியிலும் ஓசூரிலும் டீக்கடை பெஞ்சில் ஒரே பதில்தான்: "விடுங்க சார், மாஸ்க்கைத் தாடையில மாட்டிக்கிட்டு நாமளும்தானே திரிஞ்சோம். தலைவருங்க கூட்டம் போட்டா மட்டும் குத்தமா? அதெல்லாம் கட்சிக்காரன் கெளப்பிவிட்ட கோபம்." படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் நாசூக்காக. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாதமும் தேறாது.

முதலில் "எல்லோரும்தான் மீறினோம்" என்பது. மீறினோம், உண்மை. ஆனால் 2020 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு பிரித்த மண்டலப் பட்டியலில், தமிழ்நாட்டிலேயே பச்சையாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. அதற்கு விதியை மதித்தது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வாரங்களில் இந்தப் பக்கத்து மக்கள் கொடுத்த விலை கண்ணெதிரே இருந்தது. பசுமைக்குடில் ரோஜாவை வாங்க ஆளில்லை என்றாலும் பறிக்காமல் விட முடியாது, செடி கெட்டுவிடும். பறிகூலியும் கொடுத்து, பறித்த பூவைக் குப்பையில் கொட்டினார்கள். ஆனேக்கல், ஜிகினி, பொம்மசந்திரா கம்பெனிகளுக்குத் தினமும் போய்வந்த பிள்ளைகளுக்கு எல்லை திடீரென்று சுவராகிவிட்டது. இ-பாஸ் வந்தால் வேலை, வராவிட்டால் சம்பளம் இல்லை. தெற்கே சாத்தான்குளத்தில், கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19 அன்று அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு நான்கே நாளில் இறந்துபோனார்கள். சாமானியன் மீறியபோது கணக்கு அங்கேயே தீர்க்கப்பட்டது, சில இடங்களில் கணக்குக்கு மேலேயே.

பெரிய இடத்தில் அப்படி இல்லை. 2020 ஏப்ரல் 17 அன்று, நாடே பூட்டிக் கிடந்தபோது, பிடதி அருகே பண்ணை வீட்டில் முன்னாள் முதல்வர் குமாரசாமியின் மகன் திருமணம் நடந்தது. முகக்கவசம் இல்லாத முகங்களைப் படங்களில் எல்லோரும் பார்த்தோம். எளிமையாகத்தான் நடத்தினார்கள் என்று முதல்வர் எடியூரப்பாவே பரிந்து பேசினார். கர்நாடக உயர் நீதிமன்றம்தான் அரசிடம் விளக்கம் கேட்டது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லைக்கு இரண்டு பக்கமும் நடக்கிற ஊர் எங்களுடையது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவனுக்கு இந்தப் படத்தைப் பார்த்தால் வயிறு எரியாதா? அதைப் பொறாமை என்று சொல்வது அநியாயம்.

அடுத்து, "கட்சிக்காரன் கிளப்பிய கோபம்." மேலே சொன்ன குடும்பம் மதச்சார்பற்ற ஜனதா தளம், பரிந்து பேசியவர் பா.ஜ.க. முதல்வர். 2021 ஜனவரி 17 அன்று பெலகாவியில் அமித் ஷா கலந்துகொண்ட கூட்டத்துக்கு ஏன் வழக்கு இல்லை என்று போலீசைக் கேட்டதும் அதே உயர் நீதிமன்றம்தான். மேகதாது அணை கேட்டு டி.கே.சிவகுமார் தலைமையில் காங்கிரஸ் பாதயாத்திரை கனகபுரா வட்டம் சங்கமத்தில் தொடங்கியது 2022 ஜனவரி 9, ஞாயிறு. தமிழ்நாட்டில் அன்று முழு ஊரடங்கு. அங்கேயும் வார இறுதி ஊரடங்குதான். காட்டுக்கு இந்தப் பக்கம் கடை திறந்தால் அபராதம், அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம். பரிசோதனைக்கு மாதிரி எடுக்க வந்த அதிகாரியிடம் சிவகுமார் மறுத்துவிட்டார். அணை விவகாரத்தில் எங்களுக்கு வேறு கோபம் உண்டு, அது தனிக் கதை. மூன்று கட்சிகளும் வரிசையாக மாட்டியிருக்கும்போது கோபத்துக்கு எந்தக் கொடியைக் கட்டுவது?

கொடி என்றதும் ஓசூர்க்காரர்களுக்கு 2021 பிப்ரவரி 8 நினைவுக்கு வரும். பெங்களூருவிலிருந்து சசிகலா திரும்பிய நாள். எல்லையில் அவ்வளவு கூட்டம். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி அருகே பட்டாசு ஏற்றிவந்த கார்களே எரிந்தன. ஆனால் அன்றைய தகராறெல்லாம் அவர் காரில் அ.தி.மு.க. கொடி பறக்கலாமா என்பதைப் பற்றித்தான். தொற்றைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை.

"கோபப்பட்டு என்ன ஆயிற்று?" என்பார்கள். பாதயாத்திரைக்கு அனுமதி உண்டா, ஏன் தடுக்கவில்லை என்று ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் அரசையும் காங்கிரசையும் கேட்டது. மறுநாளே ராமநகரில் யாத்திரை நின்றது. கேட்டால் நடக்கிறது. கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. ஊரடங்கில் லண்டனிலிருந்து டர்ஹாமுக்குக் குடும்பத்தோடு போன பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் பதவியில் நீடித்தபோது, இங்கிலாந்தில் அரசு மீதான நம்பிக்கை சரிந்தது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அப்படிச் சரியவில்லை என்று 2020இல் லான்செட் இதழில் வெளியானது. நம்பிக்கை போன பிறகு சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வந்து சொன்னாலும் எடுபடாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோபம் எல்லை தாண்டியதும் உண்டு. 2021 ஏப்ரலில், தேர்தல் பிரசாரக் கூட்டங்களைத் தடுக்காத தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்ற ரீதியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் கடுமையானது என்றது. சரிதான். சொல் கடுமை, கேள்வி சரி.

கடைசியாக, "நம்ம சட்டத்தில் பெரிய ஆளைப் பிடிக்க முடியாது, தேர்தலில் மக்கள் பார்த்துக்கொள்வார்கள்." தேர்தலை முதலில் எடுப்போம். பாதயாத்திரை வழக்கில் பெயர் வந்த சித்தராமையாவும் சிவகுமாரும் 2023 மே மாதம் முதல்வரும் துணை முதல்வரும் ஆனார்கள். மக்கள் நூறு காரணத்துக்காக ஓட்டுப் போடுகிறார்கள். ஓட்டு அபராத ரசீது அல்ல.

சட்டத்தில் பிடிக்க முடியாது என்பதில் பாதி உண்மை. அரசு உத்தரவை மீறிய குற்றத்தை (பழைய 188ஆம் பிரிவு) நீதிமன்றம் கையில் எடுக்க, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்துமூலம் புகார் தர வேண்டும். இந்தப் பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டங்களிலும் புகார் நிபந்தனை அப்படியே இருக்கிறது. எந்தத் தாசில்தார் அமைச்சர் மேல் எழுதுவார்? ஆக, பைக் பறிமுதல் சாமானியனுக்கு, சட்ட ஓட்டை பெரியவர்களுக்கு. 2021 பிப்ரவரி 19 அன்று முதல்வர் பழனிசாமி ஊரடங்கு வழக்குகள் உள்ளிட்ட சுமார் 10 லட்சத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். நல்லதுதான். ஆனால் இழந்த கூலியை எந்த அறிவிப்பும் திருப்பித் தரவில்லை.

நார்வேயில் பிரதமர் எர்னா சோல்பெர்க்கின் 60ஆவது பிறந்தநாளுக்குக் கூடிய குடும்பத்தினர் 13 பேர். அனுமதி 10 பேருக்கு. 2021 ஏப்ரலில் போலீஸ் 20,000 குரோனர் அபராதம் போட்டது. இதுபோன்றவற்றுக்கு வழக்கமாக அபராதம் விதிப்பதில்லை, ஆனால் கட்டுப்பாடுகளை நாட்டுக்கு அறிவித்தவரே இவர் என்பதால் விதிக்கிறோம் என்றது போலீஸ். "நாமளும்தானே" என்கிற டீக்கடை வாதத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. விதி போட்டவருக்குப் பொறுப்பு கூடுதல்.

நம் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள்: பேரிடர் உத்தரவை மக்கள் பிரதிநிதி மீறினால், மாவட்ட ஆட்சியர் குறிப்பிட்ட நாட்களுக்குள் நீதிமன்றத்தில் எழுத்துமூலப் புகார் தந்தே ஆக வேண்டும் என்று சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் கேட்பாரா, மாட்டாரா?