தாயிடம் யாரும் கேளாத கேள்வி

பிள்ளை பால் குடிக்கிறதா? நிறை கூடியிருக்கிறதா? தடையூசி போட்டாயிற்றா? பிரசவித்த தாய் கிளினிக்குக்குப் போனால் இவையெல்லாம் கேட்கிறார்கள். கேட்கவேண்டியவையே. “இருமும்போது சிறுநீர் கசிகிறதா, தங்கச்சி?” என்ற கேள்வியை மட்டும், நாம் விசாரித்தறிந்தமட்டில், பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. வெட்கம்! தாயிடம் சொன்னால், “எல்லாருக்கும் உள்ளதுதானே” என்ற மறுமொழி கிடைக்கிறது.

இஃது பத்திரிகையில் எழுதத்தக்க விஷயமா என்று முகஞ்சுளிப்போர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஏனையோர் கேளுங்கள்.

இடுப்பெலும்பின் அடியிலே ஏணைபோல விரிந்து கிடக்கும் தசைத்தளமே சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகிறது. மாதக்கணக்காகப் பாரம் சுமக்கும் அத்தசை, பிள்ளை வெளிவரும் வேளையில் பன்மடங்கு இழுபடுகிறது; சிலருக்குக் கிழிந்தும் விடுகிறது. ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தால் சேதம் கூடலாம். வயிற்றைக் கீறி எடுத்தவர்களுக்கு இத்தொல்லை குறைவு. எனினும் அறவே இல்லையென்பது பிழை, ஏனெனில் கர்ப்பத்தின் பாரமே அத்தசையைத் தளர்த்திவிடுகிறது.

தும்மினாலோ சிரித்தாலோ சிறுநீர் சிந்துதல், அவசரம் வந்தால் அடக்கமுடியாமை, காற்றும் மலமும் கட்டுக்கடங்காமை, அடியில் ஏதோ இறங்கிப் பாரமாயிருப்பது போன்ற உணர்வு, தாம்பத்தியத்தில் நோவு: இவை அதன் அடையாளங்கள். கர்ப்ப காலத்திலேயே தலைகாட்டுவதும் உண்டு. கலியாண வீட்டில் நாலுபேர் நடுவே சிரிக்கப் பயந்து ஒதுங்கி நிற்கும் பெண்ணை நாம் கண்டிருக்கிறோம், காரணத்தைத்தான் அறிந்திலோம்.

பத்தியமும் சரக்குத் தண்ணியும் தரும் நம் மூதாட்டிமாரின் அன்பை நாம் குறைகூறவில்லை. ஆனால் வயிற்றை இறுகக் கட்டுவதால் அடித்தசை வலுப்பெறாது. அதற்கென வேறு பயிற்சி உண்டு. அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கீகல் 1948ஆம் ஆண்டிலேயே அதனை எழுதி வெளியிட்டார். காற்றை அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளிழுத்துச் சில விநாடி பிடித்து, பின் முழுவதும் தளர்த்தவேண்டும், மூச்சை அடக்கலாகாது. ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். காசு வேண்டாம், கருவி வேண்டாம். சரியாகச் செய்கிறாளா என்று பார்த்துச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். அவ்வளவே. பயிற்சியால் தீராதவற்றுக்குக் கருப்பையைத் தாங்கும் வளையமும் சத்திரசிகிச்சையும் இருக்கின்றன. மலம் கட்டுக்கடங்காத தாயோ, அடியில் சதை பிதுங்கக் காண்பவளோ காத்திருக்கலாகாது. உடனே வைத்தியரை நாடவேண்டும்.

1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு மருத்துவ மாதை வீடுவரை அனுப்பும் வழமையை வளர்த்துக்கொண்ட நாடு இது. பிள்ளையின் நிறையைக் குறிக்கும் அதே பேனா தாயின் துன்பத்தையும் குறிக்கலாகாதா? கொழுந்துப் பாரத்தோடு மலைச்சரிவில் ஏறி இறங்கும் தோட்டத்துப் பெண், பிள்ளை பெற்ற பின்னும் அதே பாரத்துக்குத்தான் திரும்புகிறாள். பாரந்தூக்குதல் இந்நோயை மோசமாக்கும் என்று அவளுக்கு எவர் சொன்னார்? சொல்லியிருந்தாலும், அவளுக்கு விளங்கும் தமிழிற் சொன்னார்களா?

சுகாதார அமைச்சிடமும் மாகாண அதிகாரிகளிடமும் நாம் கேட்பது புதுக் கட்டிடம் அன்று. கர்ப்பிணியிடமும் பிரசவித்த தாயிடமும் தனியிடத்தில் வைத்து மூன்று கேள்வி: சிறுநீர் கசிகிறதா? மலம் அடங்குகிறதா? அடியில் பாரம் தெரிகிறதா? விடையைக் குறித்துக்கொள்ள அட்டையில் ஒரு வரி. பயிற்சியை விளக்கும் தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்று. அடுத்த கிளினிக் நாளிலேயே கேள்விகளைத் தொடங்கலாம். அச்சகம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.