சொல்லாமல் போன பயணம்

ஆனி மாதப் பௌர்ணமியையொட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிட்சாடனர் திருக்கோலத்தில் இறைவன் வீதியுலா வரும்போது, அடியார்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். காரைக்கால் அம்மையார் என்றதும் அந்த மாங்கனியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அம்மையாரின் வரலாற்றில் இரண்டு பயணங்களும் உண்டு. கணவன் கலமேறிச் சென்றது ஒன்று; மனைவி சிவிகையேறிச் சென்றது மற்றொன்று. இல்லறத்தார் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி அது.

காரைக்கால் வணிகர் தனதத்தனின் ஒரே மகள் புனிதவதியார். நாகப்பட்டினத்து வணிகர் மகனான பரமதத்தனுக்கு அவரை மணம் செய்து கொடுத்த தந்தையார், மகளைப் பிரிய மனமின்றிக் காரைக்காலிலேயே தனி மனை அமைத்துத் தந்தார். கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் புனிதவதியார் பசித்து வந்த சிவனடியாருக்கு அளித்தார். உணவின்போது கணவன் இரண்டாவது கனியையும் கேட்க, இறைவனை நினைந்து வேண்டினார். கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை கண்டு வியந்து வினவிய கணவனிடம் உண்மையை மறைக்காமல் கூறினார். அவன் மீண்டும் ஒன்றை வேண்டினான். அதுவும் வந்து, அவன் கையில் வாங்கியவுடன் மறைந்தது.

அந்தக் கணமே பரமதத்தன் உள்ளத்தில் அச்சம் புகுந்தது. ‘இவர் மானிடப் பெண் அல்லர்’ என்று எண்ணினான். ஒரே வீட்டில் இருந்தும் மனத்தால் விலகி வாழ்ந்தான். அதை யாரிடமும் கூறவில்லை, மனைவியிடமும் கூறவில்லை. உண்மையில் அவர்களின் பிரிவு கடற்கரையில் தொடங்கவில்லை. அந்த மௌனத்தில் தொடங்கிவிட்டது.

பின்னர் அவன், கடல் கடந்து பொருள் ஈட்டி வருவதாக உறவினரிடம் உரைத்தான். அவர்கள் மகிழ்ந்து கலம் சமைத்துத் தந்தனர். விலைபோகும் சரக்குகள் ஏற்றப்பட்டன. கடல் தெய்வத்தை வணங்கி, நல்ல நாள் பார்த்துக் கலம் புறப்பட்டது. பயணத்திற்கு வேண்டிய அனைத்தும் குறைவின்றி அமைந்தன. மனைவியிடம் சொல்ல வேண்டிய ஒரு சொல் மட்டும் அதில் இடம்பெறவில்லை.

புனிதவதியாரோ கணவன் திரும்புவான் என்றே மனையறம் காத்திருந்தார். பொருள் ஈட்டிய பரமதத்தன் பாண்டிய நாட்டுப் பட்டினம் ஒன்றில் தங்கி, வேறொரு பெண்ணை மணந்தான். பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். செய்தியறிந்த சுற்றத்தார், அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி, பல நாள் வழி கடந்து அந்நகரின் அருகே வந்து தங்கிச் சொல்லியனுப்பினர். அவன் மனைவியோடும் மகளோடும் தானே எதிர்வந்து, அம்மையாரின் திருவடிகளில் வீழ்ந்தான். கணவன் தம்மை வணங்கக் கண்ட அம்மையார் அஞ்சிச் சுற்றத்தாரிடம் ஒதுங்கி நின்றார். உறவினர் காரணம் கேட்ட பின்னரே, பல ஆண்டுகள் நெஞ்சில் பூட்டிவைத்திருந்த உண்மையை அவன் வெளியிட்டான்.

அதுவரை கணவனுக்காகவே தாங்கி வந்த உடலழகை அம்மையார் அக்கணமே துறந்தார். பேயுருவம் வேண்டிப் பெற்றார். பின்னர் கயிலையில் இறைவன் ‘அம்மையே’ என்றழைக்கும் பேறும், திருவாலங்காட்டில் அவன் திருவடிக்கீழ் இருக்கும் பேறும் அவருக்கு வாய்த்தன. அனைத்தும் திருவருள் நடத்தியவையே. ஆயினும் பரமதத்தன் காட்டிய வழி இல்லறத்தார் பின்பற்றத் தக்கதன்று.

இக்காலத்தில் முதுமையிலும் பிரிவு நேர்கிறது. மகளின் பிரசவத்திற்காக மனைவி ஆறு மாதம் அயல்நாடு செல்கிறார். கணவர் ஊரில் தனித்திருக்கிறார். பருப்புப் பொடியும் பிரசவ லேகியமும் பெட்டியில் ஏறுகின்றன. மாத்திரைகளும் மருத்துவரின் சீட்டும் சரிபார்க்கப்படுகின்றன. பெட்டியை இருமுறை எடை போட்டாகிறது. சிலிண்டர் பதிவு, பால் கணக்கு, சுவாமி விளக்குக்கான எண்ணெய், நவம்பரில் ஓய்வூதியத்திற்குத் தர வேண்டிய உயிர்வாழ் சான்றிதழ் என்று கணவருக்கும் ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. பட்டியலில் எழுதப்படாதவையும் சில உண்டு. ‘இரவில் தனியே இருக்க அச்சமாக இருக்கிறது’ என்று கணவர் சொல்வதில்லை. ‘அங்கே போக எனக்கு முழு மனமில்லை’ என்று மனைவியும் சொல்வதில்லை. பிள்ளைகள் வருந்துவார்களே என்று இருவரும் அடக்கிக்கொள்கின்றனர்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, விளக்கேற்றிய பின் இருவரும் பூஜையறையில் அரை நாழிகை அமர்ந்து, மனத்திலுள்ளதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும். பயணம் நின்றுவிடாது, ஆனால் பிரிந்திருக்கும் ஆறு மாதமும் இருவர் மனமும் இலேசாக இருக்கும். அதற்குக் காரைக்கால் அம்மையாரின் திருவருள் துணை நிற்குமாக.