கேட்டதும் வந்த இளையநாயகி

விருத்தாசலம் பழமலைநாதர் திருக்கோயிலில் ஆழத்துப் பிள்ளையாரைப் படியிறங்கிச் சென்றே தரிசிக்க வேண்டும். சென்ற பிரதோஷத்தன்று அப்படிகளின் முன் முதியவர் ஒருவர் தயங்கி நின்றார். "என் கையைப் பிடிச்சுக்கோங்க ஐயா" என்றேன். "பரவாயில்லை, இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்" என்றவர், சற்றுப் பொறுத்துக் கையை நீட்டினார்.

தரிசனம் முடிந்து பிராகாரத்தில் அமர்ந்தோம். அவ்வூர்ப் பீங்கான் பட்டறையில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்ந்தவர் அவர். துணைவியார் சிவபதம் அடைந்து ஓராண்டாகிறது. மகன் வெளியூரில் பணிபுரிகிறார். இரவுதோறும் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாராம். "ஆச்சுப்பா" என்பது இவர் விடை. உண்மை வேறு. "ஒருத்தனுக்காக அடுப்பு மூட்ட மனசு வரலை. ரெண்டு வாழைப்பழத்தோட படுத்துடுவேன். அதைச் சொல்லி அவனை எதுக்கு வருத்தணும்?" என்றார்.

அன்பர்களே, அவர் இதைக் கூறிய தலம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். தேவாரம் போற்றும் திருமுதுகுன்றம் அது. இறைவன் விருத்தகிரீசுவரர், அன்னை விருத்தாம்பிகை என்னும் பெரியநாயகி. ஊரும் இறைவனும் இறைவியும் முதுமையையே திருநாமமாகத் தாங்கியுள்ளனர்.

திருவண்ணாமலை குகை நமசிவாயரின் சீடர் குரு நமசிவாயர். குருவின் ஆணையை ஏற்றுத் தில்லைக்குச் செல்லும் வழியில் இத்தலத்தில் தங்கினார். பசி வருத்தவே, சோறு வேண்டி அன்னையைப் பாடினார். பாட்டில் முதியவள் என்னும் பொருள்பட அவளை விளித்தார். அன்னை மூதாட்டியாகத் தோன்றி, முதியவளால் எவ்வாறு அன்னம் சுமந்து வர இயலும் என்று வினவினாள். அவர் அவளது இளமைக் கோலத்தைப் பாடினார். இளநங்கையாக வந்து அன்னமிட்டாள். அவளே பாலாம்பிகை என்னும் இளையநாயகி என்பது தலவரலாறு.

இவ்வரலாற்றில் நமக்குரிய பாடம் ஒன்று உண்டு. பற்றனைத்தையும் துறந்தவரே பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டார். உலகை ஈன்றவளே, முதுமைக் கோலத்தில் வந்தபோது, இயலாமையை மறைக்காமல் சொன்னாள். நாமோ பசியையும் சொல்வதில்லை, இயலாமையையும் சொல்வதில்லை. பிள்ளைகள் தாமே உணர வேண்டும் என்று காத்திருந்து, உணரவில்லையே என்று உள்ளுக்குள் புழுங்குகிறோம்.

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் சந்நிதி உள்ளது. அங்கே அடியார்கள் தம் குறையைத் தாளில் எழுதிப் 'பிராது' கட்டுகின்றனர். எல்லாம் அறிந்த முருகப்பெருமானுக்கே குறையை எழுதித் தெரிவிக்கும் நாம், தொலைவிலுள்ள மகன் மட்டும் சொல்லாமலே அறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகுமா?

சொல்லியும் செவிசாய்க்காத பிள்ளைகள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. அவர்தம் பெற்றோருக்காகவே 2007ஆம் ஆண்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியோர் தாமே மனு அளிக்கலாம். முதியோர் உதவிக்கென 14567 என்னும் தொலைபேசி எண்ணும் உள்ளது. ஆயினும் நம்மில் பலருடைய இல்லங்களில் குறை, பிள்ளைகளின் அன்பில் இல்லை. நம் மௌனத்தில்தான் இருக்கிறது.

நான் இவற்றைக் கூறியபோது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்த் தம் தொழிலைப் பற்றிச் சொன்னார். "கோப்பைக்குப் பிடியை மண்ணுல ஈரம் இருக்கிறப்பவே ஒட்டிடணும். சூளையில வெந்தப்புறம் அது உடம்போட சேராது."

"உங்கள் மகனிடம் ஈரம் இருக்கிறதே! இல்லையென்றால் இரவுதோறும் அழைப்பாரா?" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்கு கேட்டான்னா, சாப்பிடலைன்னு சொல்லிடறேன்" என்றார்.

முதியோர்களே, பிள்ளைகளிடம் பெரிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. இரவு உணவுக்கு ஓர் ஏற்பாடு, பிரதோஷத்துக்கு ஒரு துணை, மாதம் ஒருமுறை நேரில் ஒரு வருகை என்று, வேண்டுவதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இதனைப் படித்துக்காட்டும் இளையோர்களே, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதோடு நில்லாமல், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். முதல் வினாவுக்குப் பொய் சொல்வது எளிது. இரண்டாவதற்கு அத்துணை எளிதன்று.

பெரியநாயகியாய் நம் தளர்ச்சியை அறிந்தவள், இளையநாயகியாய் நம் இல்லந்தோறும் வந்து அன்னமிடுவாளாக!